ஹார்மோன் கோளாறு என்கிறார்கள், எந்த ஹார்மோன் என்று மட்டும் சொல்வதில்லை

வடவாற்றுக்கரை
எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம். மகளுக்கு 19 வயது, தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். 13 வயதில் பெரியவளானாள். மாதவிடாய் இன்னும் ஒரு ஒழுங்குக்கு வரவில்லை. இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் தள்ளிப் போகிறது. கன்னத்தில் பரு, தாடையில் முடி. போன லீவில் வந்தபோது பின்கழுத்து கருத்துப் பட்டையாக இருந்தது. என் மாமியார் அழுக்கு என்று சொல்லிப் பயத்தமாவு குழைத்துக் காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார். தோல் சிவந்ததே தவிரக் கருப்பு அப்படியே இருக்கிறது.

தனியாரில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி என்று வந்தது. ரத்தத்தில் டி.எஸ்.எச். 6.2, புரோலாக்டின் 38. "ஹார்மோன் இம்பாலன்ஸ், மூணு மாசம் மாத்திரை போடட்டும்" என்றார். எது எதற்கு என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். சீட்டில் மூன்று: 21 மாத்திரை கொண்ட ஓர் அட்டை, மெட்ஃபார்மின் 500, தைராக்சின் 25. இன்னும் எதையும் தொடங்கவில்லை.

நாத்தனார் கழற்சிக்காய் கொடு என்கிறார். மாமியார் கல்யாணம் பண்ணினால் தானாகச் சரியாகும் என்கிறார். பக்கத்து வீட்டில், ஹார்மோன் மாத்திரை போட்டால் பின்னால் குழந்தையே தங்காது என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அடியிலிருந்து விளக்குங்கள். ரிப்போர்ட் படம் இணைத்திருக்கிறேன்.

மட்டுறுத்துநர்
படத்தில் மகளின் பெயரும் கைபேசி எண்ணும் தெரிந்தன. மறைத்துவிட்டேன். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எண்களைத் தட்டச்சு செய்தால் போதும், படம் வேண்டாம்.

லேப்_தம்பி
அக்கா, நான் தஞ்சாவூரில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். விளக்கம் மற்றவர்கள் சொல்லட்டும், எனக்கு முதலில் நான்கு கேள்வி. ரத்தம் எடுத்த நேரம் என்ன? எப்படி வந்தாள், பஸ்ஸிலா? அந்தச் சமயத்தில் வேறு என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்? முடிக்கு ஏதாவது சத்து மாத்திரை?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த 38 என்னை உறுத்துகிறது. புரோலாக்டின் என்பது தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன். பெண்களுக்குப் பல ஆய்வகங்களில் அதன் மேல் எல்லை 25 வாக்கில் இருக்கும். 38 கூடுதல்தான், ஆனால் கொஞ்சம்தான். தூங்கி எழுந்த உடனே எடுத்தால் கூடும், பதற்றத்தில் கூடும், ஊசிக்குப் பயந்தாலே கூடும். எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, வந்து உட்கார்ந்து இளைப்பாறிய பின் எடுப்பதுதான் முறை. காலை ஆறரைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பிள்ளைக்கு ஏழே கால் மணிக்கு ஊசி குத்தினால் வரும் எண்ணை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

வடவாற்றுக்கரை
தம்பி, நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தோம். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறது என்று மெடிக்கலில் வாங்கிய கேஸ் மாத்திரை தினமும் போடுகிறாள். அட்டையை இப்போதுதான் படித்துப் பார்த்தேன், பான்டோபிரசோல், டாம்பெரிடோன் என்று இரண்டு பெயர் இருக்கிறது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரையும் உண்டு, தோழி வாங்கிக் கொடுத்ததாம்.

லேப்_தம்பி
கிடைத்துவிட்டது. டாம்பெரிடோன் புரோலாக்டினை ஏற்றும். தாய்ப்பால் சுரப்பதற்கு அதையே சில இடங்களில் கொடுப்பதுண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மனநோய்க்கான சில மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும், அவற்றை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. பயோட்டின் வேறு மாதிரி. அது உடம்பில் ஹார்மோனை மாற்றுவதில்லை, எங்கள் கருவியைத்தான் ஏமாற்றும். பல தைராய்டு பரிசோதனைகள் பயோட்டினை வைத்தே இயங்குவதால், அதிக அளவில் சாப்பிட்டால் எண் தவறாக வரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டையும் நிறுத்தி, சில நாள் கழித்துத் திரும்ப எடுங்கள். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எடுக்கும்போது எஃப்.டி.4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவு), ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்) இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று. அந்த 21 மாத்திரை அட்டை கருத்தடை மாத்திரை வகை ஹார்மோன். அதைத் தொடங்கிவிட்டால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு உண்மையைக் காட்டாது. பார்ப்பதானால் இப்போதே பார்த்துவிட வேண்டும். அட்டை போட்ட பிறகு என்றால் மூன்று மாதம் நிறுத்தித்தான் எடுக்க முடியும்.

ஓய்வு_செவிலி
நான் திருவாரூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அடியிலிருந்து கேட்டாய் அல்லவா அம்மா, சொல்கிறேன்.

மாதம் என்பது இரண்டு பாதி. முதல் பாதியில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பும். சினைப்பையில் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கி, ஒன்று மட்டும் முந்திக்கொள்ளும். அது வளர வளர ஈஸ்ட்ரோஜன் ஏறும், கர்ப்பப்பை உள்சவ்வு தடிக்கும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போனதும் எல்.எச். என்ற இன்னொன்று ஒரே பாய்ச்சலாக வரும், ஒன்றரை நாள் வாக்கில் முட்டை வெளியே வந்துவிடும். முட்டை போன பிறகு மிச்சமிருக்கும் பை புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். இது இரண்டாம் பாதி. கரு தங்கவில்லை என்றால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தப் பை வற்றும், புரோஜெஸ்டிரோன் இறங்கும், மாதவிடாய் வரும்.

இரண்டாம் பாதி பெரும்பாலும் நீளாது. நாள் தள்ளுகிறது என்றால் முதல் பாதி இழுக்கிறது, அல்லது முட்டையே வரவில்லை. முட்டை வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் மூன்று மாதம் கழித்து வரும்போது கட்டிகட்டியாகக் கொட்டுகிறது. வருடக்கணக்கில் இப்படியே விட்டால் பின்னாளில் உள்சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். "வராவிட்டால் நல்லதுதானே, தொல்லை விட்டது" என்று சொல்லும் பெண்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மாத்திரை எதுவும் போடாதவர், கர்ப்பமும் இல்லை என்றால், மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருக்க விடக் கூடாது.

இனி உன் மகள் விஷயம். வயதுக்கு வந்து மூன்று வருடம் தாண்டிவிட்டால் 21 முதல் 35 நாள் வரை இயல்பு. இவளுடையது அதில் இல்லை. தாடையில் முடி, பரு இரண்டும் ஆண் ஹார்மோன் சற்றுக் கூடியிருப்பதைக் காட்டுகின்றன. பின்கழுத்துக் கருப்பு அழுக்கே இல்லை, ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருந்தால் அப்படித்தான் வரும். தேய்க்காதீர்கள், பாவம் அந்தப் பிள்ளை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கும். அந்த இன்சுலின் சினைப்பையை டெஸ்டோஸ்டிரோன் செய்யத் தூண்டும். கூடவே, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தை ஈரல் குறைவாகச் செய்யும். முட்டைப்பைகள் பாதியில் வளர்ச்சி நின்றுபோகும். ஸ்கேனில் வரிசையாகத் தெரிந்தவை அவைதான். கரைக்கவோ வெட்டி எடுக்கவோ அவற்றில் ஒன்றுமில்லை.

ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த விதிப்படி மூன்று அறிகுறியில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு): முட்டை ஒழுங்காக வராதது, ஆண் ஹார்மோன் கூடுதல், ஸ்கேன் தோற்றம். ஆனால் வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை இதற்குக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது, அந்த வயதில் நல்ல பிள்ளைகளுக்கும் அப்படித் தெரியும் என்பதால். இவளுக்கு ஆறு வருடம்தான் ஆகிறது. ஸ்கேன் இல்லாமலே மற்ற இரண்டும் இருப்பதால் பி.சி.ஓ.எஸ். ஆக இருக்க வாய்ப்பு அதிகம். தைராய்டும் புரோலாக்டினும் இதே போல நாளைத் தள்ளிப்போடும் என்பதால் முதலில் அவற்றைத் தெளிவாக்க வேண்டும். தம்பி கேட்ட கேள்விகள் எல்லாம் அதற்குத்தான்.

கடைமடை_விவசாயி
டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு குறைவு என்கிறார்கள், என் வீட்டுக்காரிக்குச் சொன்னபோது எனக்கு ஒரு வருடம் குழப்பம். அப்புறம் இப்படிப் புரிந்துகொண்டேன். கடைமடையில் வாய்க்கால் காய்ந்தால் நாம் மேலே ஆள் அனுப்பிச் சத்தம் போடுகிறோம் அல்லவா? டி.எஸ்.எச். அந்தச் சத்தம். தண்ணீர் வந்து சேர்ந்தால் சத்தம் அடங்கும்.

லேப்_தம்பி
அருமை அண்ணே. இதில் இன்னும் ஒன்று உண்டு. அந்தச் சத்தத்துக்கு மூளை அனுப்பும் சமிக்ஞை புரோலாக்டினையும் கொஞ்சம் தூண்டிவிடும். தைராய்டைச் சரிசெய்ததும் புரோலாக்டின் தானாக இறங்கியவர்கள் உண்டு. அதனால் இரண்டும் கூடியிருந்தால் இரண்டு நோய் என்று பயப்பட வேண்டியதில்லை.

டிகிரி_காபி
கும்பகோணத்திலிருந்து ஒரு வார்த்தை. என் மனைவி தைராக்சின் மாத்திரையை வாயில் போட்டு, அடுத்த கையில் டபராவை எடுப்பார். வருடத்துக்கு வருடம் மாத்திரை அளவு ஏறிக்கொண்டே போனது, டி.எஸ்.எச். இறங்கவே இல்லை. கடைசியில் ஒரு பெண் மருத்துவர்தான் கேட்டார்: "காபி எத்தனை மணிக்கு?" காபி அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம், குறைந்தது அரை மணி நேரம் எதுவும் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. காலைக் காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது எங்கள் வீட்டில் ஒரு சிறு புரட்சி. விடியற்காலை கோலம் போட எழும்போது மாத்திரை, எல்லா வேலையும் முடிந்து பேப்பரோடு காபி என்று இப்போது ஓடுகிறது. மாத்திரை அளவு குறைந்துவிட்டது.

சித்தன்வழி
எல்லாவற்றுக்கும் மாத்திரைதானா? கழற்சிக்காய்ப் பருப்பு ஒன்று, மிளகு சேர்த்து இடித்து வெறும் வயிற்றில். எங்கள் குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு ஒரே மாதத்தில் வந்தது. நம் மண்ணில் இருப்பதை விட்டுவிட்டு 21 நாள் அட்டையை நம்புகிறோம்.

ஓய்வு_செவிலி
தம்பி, சித்த மருத்துவத்தை நான் தள்ளவில்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சித்தப் பிரிவு இருந்தது, மூட்டுவலிக்கு நானே தைலம் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒன்றை யோசி. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு எந்த மருந்தும் இல்லாமலே திடீரென்று ஒரு மாதம் வரும், பிறகு மூன்று மாதம் வராது. வந்த மாதத்தில் வாயில் என்ன இருந்ததோ அதற்குப் பெயர் போய்விடும். வந்தது என்பதாலேயே முட்டை வந்தது என்றும் சொல்ல முடியாது. அதைப் பார்க்க அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு புரோஜெஸ்டிரோன் பரிசோதனை இருக்கிறது.

கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம், ரிப்போர்ட்டையும் மற்ற மாத்திரைகளையும் காட்டி வாங்கட்டும். யூடியூப் பார்த்து இடிக்க வேண்டாம். குழந்தைக்கு முயல்கிறவர்கள், கருத்தரித்தது தெரியாமல் கண்ட சூரணத்தையும் சாப்பிடவே கூடாது.

சித்தன்வழி
சரிதான் அம்மா, மருத்துவரிடம் வாங்கட்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மூன்று மாதம் மாத்திரை போட்டு நிறுத்தினால் திரும்பப் பழைய கதைதானே?

ஓய்வு_செவிலி
ஆமாம், அது நியாயமான கேள்வி. அந்த அட்டை வேரைப் பிடுங்குவதில்லை. உள்சவ்வு தடிக்காமல் பார்த்துக்கொள்ளும், ஆண் ஹார்மோனை இறக்கும், பருவும் முடியும் மெல்லக் குறையும். முடி குறைய ஆறு மாதமாவது ஆகும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அட்டையால் குழந்தை தங்காது என்பது பொய். நிறுத்தியதும் சினைப்பை தன் வேலைக்குத் திரும்பிவிடும். எல்லோருக்கும் பொருந்தாது என்பது மட்டும் உண்மை. ரத்த அழுத்தம், காலில் ரத்தம் உறைந்த வரலாறு, கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் சொல்லிவிட வேண்டும்.

மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை ஆயிற்றே என்று பயப்படாதீர்கள், இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படுவதற்காகக் கொடுப்பது. சாப்பாட்டோடு போட வேண்டும், தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும்.

கல்யாணம் பற்றி: மாலை மாற்றினால் பிட்யூட்டரிக்குத் தெரியாது அம்மா. படிக்கட்டும். பின்னால் கல்யாணமாகி முட்டை வரத் தாமதமானால் லெட்ரோசோல் என்ற மாத்திரை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பிறக்கிறது.

கடைமடை_விவசாயி
எல்லோரும் ஹார்மோனைப் பேசுகிறோம், தட்டைப் பார்க்கவில்லை. நம் பக்கம் காலையில் இட்லி, மதியம் மலைபோல் சோறு, சாயங்காலம் வடை, ராத்திரி தோசை. எல்லாமே அரிசி. என் பாட்டி நாற்று பறித்து நட்டு, ஈரச்சேலையோடு திரும்பி அந்தச் சோற்றைச் சாப்பிட்டார், சரியாகப் போனது. என் பேத்தி செல்லோடு உட்கார்ந்து அதே அளவு சாப்பிடுகிறாள். நடவும் இப்போது பாதி இயந்திரம்தான். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினால் சரியாகுமா? திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கிய விதை எங்கள் வயலில் இருக்கிறது, பேத்திக்குக் கொடுக்கலாமா?

ஓய்வு_செவிலி
கொடுங்கள், தவிடு நீக்காத அரிசி நல்லது. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவையும் மலைபோல் போட்டால் கணக்கு பெரிதாக மாறாது. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரை, சுண்டல், முட்டை, மீன். தினம் அரை மணி வேகநடை. எடை கூடியவர்களுக்கு நூற்றில் ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ இருந்தால் மூன்றரை கிலோ, அவ்வளவுதான். ஒல்லியானவர்களுக்கும் இந்தக் கோளாறு உண்டு, அவர்களைப் பட்டினி போடாதீர்கள். "குண்டாயிட்டே" என்று கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்வதையும் நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு அதிகம் என்பதும் இந்த நோயின் ஒரு பகுதிதான்.

வலங்கைமான்_மருமகள்
இழைக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். பங்குனியில் பாடைக் காவடித் திருவிழா வந்தால் எங்கள் வீட்டில் ஓர் அட்டை மாத்திரை வாங்கி நான்கு பெண்களும் பங்கு போட்டுக்கொள்வோம், நாள் தள்ளிப்போக. ஒருத்திக்கு நான்கு மாத்திரை, ஒருத்திக்கு ஆறு, கைக்கு வந்தபடி. போன தடவை எனக்கு நடுவிலேயே வந்துவிட்டது, பிறகு பத்து நாள் நிற்கவில்லை.

ஓய்வு_செவிலி
சம்பந்தம் நிறைய உண்டு. அது நாரெதிஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் வகை. இரண்டாம் பாதியில் உடம்பு செய்வதையே வெளியிலிருந்து நீட்டிக்கிறீர்கள். வழக்கமாக எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, 5 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, விடாமல். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். வேளை தவறினால், தாமதமாகத் தொடங்கினால் உனக்கு நடந்ததுதான் நடக்கும். ரத்தம் உறையும் வாய்ப்பு உள்ளவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. இது கருத்தடையும் அல்ல, இதை நம்பி இருந்துவிடாதீர்கள். எப்போதோ ஒரு முறை மருத்துவரிடம் கேட்டுப் போடுவது வேறு, திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று வருடம் முழுக்கப் பங்கு போடுவது வேறு. நாள் ஏற்கெனவே தள்ளியிருந்தால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் தொடவே கூடாது. கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு, நான் அதற்குள் வரவில்லை.

கணக்கு_டீச்சர்
மயிலாடுதுறை. எனக்கு 47. எல்லோரும் தொடக்கத்தைப் பேசுகிறீர்கள், நான் முடிவில் நிற்கிறேன். பாடம் நடத்தும்போது திடீரென்று முகம் பற்றி எரிந்து வியர்வை ஊற்றுகிறது, பிள்ளைகள் மின்விசிறியை என் பக்கம் திருப்புகிறார்கள். மாதவிடாய் இருபது நாளில் ஒன்று, ஐம்பது நாளில் ஒன்று, வந்தால் கொட்டுகிறது. ஹீமோகுளோபின் 8.4. ஓர் இடத்தில் "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இனி எதற்கு அது" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார்கள்.

ஓய்வு_செவிலி
டீச்சர், எடுக்க வேண்டிய நிலை சிலருக்கு வரும். முதல் சந்திப்பில் வராது. 8.4 என்பது நல்ல ரத்தசோகை, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகைதான். முதலில் இரும்புச்சத்து. அப்புறம் ஏன் கொட்டுகிறது என்று பார்க்க ஸ்கேன், தைராய்டு, தேவைப்பட்டால் உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனை. உதிரத்தைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் இருக்கிறது, ஹார்மோன் வைத்த காப்பர் டி போன்ற சாதனம் கர்ப்பப்பைக்குள் வைத்தால் ஐந்து வருடமாவது வேலை செய்யும். இவை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் கத்தி.

கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுப்பார்களா என்று கேளுங்கள். இரண்டும் போனால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுவிடும், எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வாக்கிலேயே மாதவிடாய் நிற்கிறது. 45-க்கு மேல் இந்த அறிகுறி இருந்தால் எஃப்.எஸ்.எச். பார்க்கவே தேவையில்லை, அது இந்த வயதில் வாரத்துக்கு வாரம் மாறும். முழுதாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றது என்று பொருள். அதன் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். உங்களைத் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் இன்னொரு முறை காட்டச் சொல்வேன்.

கணக்கு_டீச்சர்
இந்த எரிச்சலுக்கு ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் மார்பகப் புற்றுநோய் என்று பயமுறுத்துகிறார்களே?

லேப்_தம்பி
2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து வந்த பயம் டீச்சர். அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. பின்னால் திரும்பப் பார்த்ததில், 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்குத் தொல்லை அதிகமென்றால் நன்மையே பெரும்பாலும் கூடுதல் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் பொதுவாகக் கொடுப்பதில்லை.

வடவாற்றுக்கரை
எல்லோருக்கும் நன்றி. வேறொரு மருத்துவரிடம், எல்லா அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போனோம். கேஸ் மாத்திரையும் பயோட்டினும் நிறுத்தி, வந்து உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு எடுத்ததில் புரோலாக்டின் 17. டி.எஸ்.எச். 5.9, எஃப்.டி.4 சரியாக இருக்கிறது, ஆன்டி டி.பி.ஓ. கூடுதல். டெஸ்டோஸ்டிரோன் சற்று அதிகம். பி.சி.ஓ.எஸ். என்று எழுதியே கொடுத்தார். தைராக்சின் 25, மெட்ஃபார்மின், அட்டை மூன்றும் தொடங்கியாயிற்று, இந்த முறை எது எதற்கு என்று மகளே என்னிடம் சொல்கிறாள். மாமியார் பயத்தமாவை எடுத்து வைத்துவிட்டார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் சர்க்கரை பார்க்க வேண்டுமாம். இனிப்புத் தண்ணீர் என்றாலே குமட்டும் பிள்ளை, என்ன செய்வது?

லேப்_தம்பி
ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லாதீர்கள், ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளட்டும். தண்ணீர் சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால் குமட்டல் குறையும். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் அன்று விட்டுவிட்டு வேறு நாள் வாருங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும், நடக்கக் கூடாது, படிக்க ஏதாவது கையோடு எடுத்து வரட்டும். டி.எஸ்.எச். ஆறு வாரம் கழித்து. அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டால் போதும்.